மருமகனே, கரண்டியைக் கீழ வையி

ஏலே மருமகனே, நீ உங்கம்மாவைப் பாத்துக்கிடுத அழகை ஊரே மெச்சுது. நானும் மெச்சிட்டுப் போயிருப்பேன், உங்க வீட்டுத் திண்ணையில அரை மணி நேரம் உக்காராம இருந்திருந்தா. ஒரு கிண்ணம் கஞ்சி. அதைச் சுத்தி நீ, உம் பொண்டாட்டி, உங்க சித்தி, அடுத்த வீட்டு மதினி. "இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய்"னு நாலு பேரும் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கீக. கோயில் கிடா மேல மஞ்சத்தண்ணியைத் தெளிச்சுப்புட்டு, எப்படா தலையை ஆட்டும்னு கூட்டம் காத்துக்கிட்டு நிக்குமே, அப்படி. அந்த நேரத்துல கிடாய்க்கே புல்லு இறங்காதுடே. எந்தங்கச்சிக்குக் கஞ்சி எப்படி இறங்கும்?

முதல்ல அந்தக் கஞ்சிக்கு வாரேன். சீக்காளின்னா கஞ்சின்னு எவன் பட்டயத்துல எழுதி வச்சான்? ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடக்கவனுக்குச் சரி. புத்துநோய்க்கு மூணு வாரத்துக்கு ஒருக்க மருந்து ஏத்திக்கிட்டு மாசக்கணக்கா மல்லுக்கட்டுத உடம்புக்கு அந்த வெள்ளைத் தண்ணி எந்த மூலைக்குக் காணும்? ஆஸ்பத்திரியில சாப்பாட்டு விவரம் சொல்லுத பிள்ளைகிட்ட நான் கேட்டேன். உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாம, முடிஞ்சா ஒன்றரை கிராம் வரைக்கும், தினம் புரதம் போகணுமாம். உங்கம்மா 50 கிலோ. அப்ப 50-லேருந்து 75 கிராம் வேணும். ஒரு முட்டையில 6 கிராம், ஒரு டம்ளர் பால்ல 6 கிராமுக்குச் சித்த கூட. நீ ஊத்துத கஞ்சியில எம்புட்டு இருக்கும்னு கேட்டேன். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, சிரிச்சுக்கிட்டே அடுத்த சீட்டைக் கூப்பிட்டுருச்சு.

கஞ்சியை நிறுத்தச் சொல்லலை. கலப்படம் பண்ணச் சொல்லுதேன். அரிசியோட ஒரு கை பாசிப்பருப்பைப் போட்டுக் குழைய விடு. வறுத்த நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ நைசாத் திரிச்சு ரெண்டு கரண்டி போடு. இறக்குத நேரத்துல பாலை ஊத்தி, நெய்யைக் கொஞ்சம் விடு. பாக்க அதே கஞ்சிதான், உள்ள சரக்கு வேற. பால்ல தண்ணி கலக்கத் தெரிஞ்ச ஊருலேதான பொறந்தே, கஞ்சியில பாலு கலக்க ஒனக்குச் சொல்லியா குடுக்கணும்? ஒண்ணு மட்டும்: கிட்னியில கோளாறு, சக்கரைன்னு ஏதாச்சும் இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு அளவை வச்சுக்க.

அடுத்தது உம் பொண்டாட்டி. எனக்கு மக முறை, அதனால மெதுவாச் சொல்லுதேன். "நான் வச்ச குழம்பை அத்தை துப்பிட்டாக"ன்னு அந்தப் புள்ள முந்தானையால கண்ணைத் துடைக்குது. அவ சமையல்ல குத்தமில்லைன்னு சொல்லு. இந்த ஒரு தடவை மட்டும் இல்லைன்னு சொல்லு. ஏத்துத மருந்து வேகமா வளருத அணுவையெல்லாம் தேடி அடிக்குது. நோயும் வேகமா வளருது. நம்ம நாக்கு, வாய்த்தோல், குடல், மயிர்க்கால் எல்லாமும் அப்படித்தான் வளருது. மருந்துக்கு நல்லது கெட்டது தெரியலை, எல்லாத்துக்கும் சாத்துது. அதான் முடி கொட்டுது, வாய் வேகுது, பச்சைத்தண்ணியில கூட இரும்பு வாடை அடிக்குதுங்கா உங்கம்மா. நீ அதை எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி எவர்சில்வர் ஸ்பூன் போட்டு நீட்டுதே! பீங்கான்ல குடு, மரக்கரண்டி வையி, பிளாஸ்டிக் ஸ்பூன் கூட ஆகும். சோறுன்னா அவளே கையால பிசைஞ்சு சாப்பிடட்டும். கை இருக்கும்போது நடுவுல நீ எதுக்கு?

வாசனைதான் பெரிய வில்லங்கம். உங்க வீட்டுல கடுகு வெடிச்சா மூணாந்தெருவுல தும்முதாக. தாளிக்கும்போது அவளை வேப்பமரத்தடிக்கு அனுப்பிரு, வேலை முடிஞ்ச பெறவு கூப்பிடு. ஆவி பறக்கக் கொண்டு வந்து வைக்கிறதுதான் பாசம்னு நினைக்கே. சூடு ஏற ஏற வாடையும் ஏறும். ஆறவிட்டுக் குடு. ஆறின இட்டிலி, தயிர்சோறு, மோர் இதெல்லாம் மூக்கை உறுத்தாது. ஆனா சில மருந்துக்குக் குளுமையே ஆகாது. ஐஸ்தண்ணி பட்டா தொண்டையைப் பிடிச்சு இழுக்கும், விரல் மதமதங்கும். உங்கம்மா சீட்டுல அந்த மருந்து இருக்கான்னு கேட்டுக்க. வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பெறவு தேடாதே, சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே குடு. குடுத்தும் நிக்கலைன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க வேண்டாம், சொன்னா வேற மாத்திரை மாத்தித் தருவாக.

இன்னொரு சூட்சுமம். அவளுக்குக் கொழுக்கட்டைன்னா உசுரு. அதுக்காக மருந்து ஏத்திட்டு வந்த அன்னைக்குச் சாயங்காலமே ஆசையாச் செஞ்சு நீட்டிராதே. தின்னு, குமட்டி, வாந்தி எடுத்தான்னு வையி, மனசு ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுரும். மருந்து செஞ்ச வேலைக்குக் கொழுக்கட்டை பழி சுமக்கும். பெறவு அதைக் கண்டாலே ஓடுவா. மருந்து ஏத்துன அந்த மூணு நாலு நாளைக்கு அவளுக்குப் பிடிச்சும் பிடிக்காமலும் இருக்க பண்டமாப் பாத்து, கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்து ஒப்பேத்து. அடுத்த ஊசிக்கு முந்துன வாரத்துல நாக்கு கொஞ்சம் திரும்பும், அப்ப வையி கொழுக்கட்டையை.

பெரிய தட்டை எடுத்து உள்ள பூட்டு. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒவ்வொண்ணும் ஒரு கைப்பிடி. கைக்கெட்டுத தூரத்துல சுண்டலோ, அவிச்ச முட்டையோ, வாழைப்பழமோ மூடி வச்சிட்டு நீ வயக்காட்டுக்குப் போயிரு. திரும்பி வந்து எண்ணிப் பாக்காதே. ராத்திரி ரெண்டு மணிக்குப் பசிக்குதுன்னா கொட்டாவி விடாம எந்திரிச்சுக் குடு. வேண்டாம்னா, "சரிம்மா"ன்னு ஒரு வார்த்தை. "ஒனக்காகத்தான நான் இம்புட்டுப் பாடுபடுதேன்"னு மூக்கைச் சிந்தாதே. சீக்கு அவளுக்கு, அவ வாயைத் திறக்கதும் மூடுததும் ஒண்ணுதான் இப்ப அவ கையில இருக்கு. அதையும் பிடுங்கி நீ வச்சுக்கிடணுமாக்கும்?

வாய்ப்புண் வந்துட்டா மிளகாய், புளி, ஊறுகாய், முறுக்கு எல்லாத்துக்கும் லீவு. ஆப்பசோடா கால் ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில கலந்து நாளைக்கு நாலஞ்சு தடவை கொப்பளிச்சுத் துப்பச் சொல்லு. துப்பணும்டே, உங்க சித்தி அதையும் குடிக்கச் சொல்லிருவா.

பழையதுக்கு நான் அடிமை, ஒனக்கே தெரியும். ஆனாலும் சொல்லுதேன், அவளுக்கு இப்ப வேண்டாம். ஊசி போட்டு ஒரு வாரத்துலேருந்து ரெண்டு வாரம் வரைக்கும் ரத்தத்துல வெள்ளணு விழுந்து கிடக்கும். அப்ப ஒரு சின்னக் கிருமி போதும் ஆளைக் கவுக்க. ஆஃபாயில், ரோட்டோரத்துச் சட்னி, வெட்டி வச்ச பப்பாளி, கொதிக்காத தண்ணி எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. சுடச்சுட சமைச்சு, ஆறின உடனே சாப்பிட்டு முடிச்சிரணும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டா, மாத்திரையைப் போட்டு விடியட்டும்னு படுக்காதே. அர்த்தராத்திரி ஆனாலும் காரைக் கூப்பிடு. அந்த நேரத்துல மட்டும் என் பேச்சுல நையாண்டி கிடையாது.

இனி வைத்தியமார்கள். ஆப்பிளோடயும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடயும் வாரவுகளைக் கூட மன்னிச்சிரலாம். செல்போன்ல வைத்தியம் கொண்டு வாராக பாரு! ஒருத்தன் முள்சீத்தா இலையை அவிக்கச் சொல்லுதான். ஒருத்தன் சீனியை நிறுத்துனா நோய் பட்டினி கிடந்து செத்துரும்ங்கான். நோய் சாகாது, அதுக்கு முன்னால உங்கம்மா மெலிஞ்சிருவா. போன வாரம் ஒரு பெரிய மனுசன் நித்தியகல்யாணியைக் கசாயம் போடச் சொன்னாரு, "அதுலேருந்துதான் புற்றுநோய் மருந்தே எடுக்காக"ன்னு. நெசந்தான். சக்கரை வியாதிக்கு ஆகுமான்னு கனடாவுல அந்தச் செடியைச் சோதிச்சவுக, அது வெள்ளணுவைக் குறைக்குதைப் பாத்து, 1958-ல அந்த மருந்துச் சரக்கை வெளிய சொன்னாக. அந்தச் செடியிலேருந்து எடுக்குத மருந்துகளை ரத்தப்புத்துக்கும் நெறிகட்டிப் புத்துக்கும் இன்னைக்கும் ஏத்துதாக. அதையும் மில்லிகிராம் கணக்குல, தப்புனா ஆபத்துன்னு பயந்து பயந்து. நம்ம பெரிய மனுசரு ஒரு குத்து இலையைப் பிடுங்கி மூணு டம்ளரை ஒண்ணாக் காய்ச்சச் சொல்லுதாரு! அவருக்கு முதல்ல ஒரு டம்ளர் ஊத்திக் குடு, குடிக்காரான்னு பாப்போம். எந்தக் கசாயமானாலும் டாக்டர்கிட்ட மறைக்காதே. ரெண்டு மருந்தும் உள்ள போயி ஒண்ணை ஒண்ணு கெடுத்தாலும் கெடுக்கும்.

வாரத்துக்கு ஒருக்க எடை போடு, ஒரே தராசுல. உரக்கடைத் தராசுன்னாலும் சரி, கடைக்காரன் கட்டை விரலை மட்டும் பாத்துக்க. ஒரு மாசத்துல ரெண்டரை கிலோ இறங்கிருந்தா அடுத்த ஊசி வரைக்கும் காத்திருக்காதே, போயிச் சொல்லு. தேவைன்னா மூக்குல குழாய் போட்டுக் கூட ஆகாரம் குடுப்பாக. அதைக் கேட்டதும் மாரடிக்காத. உடம்பு தேறுத வரைக்கும் அது ஒரு வழி, அவ்வளவுதான்.

முத்துலட்சுமி ரெட்டி அம்மா தங்கச்சியைப் புத்துநோய்க்குப் பறிகுடுத்தவுக. அந்தத் துக்கத்தைச் சும்மா விடாம 1954-ல அடையாறுல 12 படுக்கையோட ஒரு ஆஸ்பத்திரியையே தொடங்கிட்டாக. எனக்கும் ஒரு தங்கச்சிதான். ஆஸ்பத்திரி கட்ட வக்கில்லை, கோழிக்கூடு கட்ட வக்கிருக்கு. நாளைக்குக் காலையில பத்து நாட்டுமுட்டை கொண்டாரேன். மஞ்சக்கரு கெட்டியாகுத வரைக்கும் நல்லா அவிக்கச் சொல்லு. நான் திண்ணையில உக்காந்து ஊர்க்கதை பேசுதேன். நடுவுல ஒரு முட்டையை உரிச்சு அவ பக்கத்துல வைப்பேன், தின்னுன்னு சொல்லமாட்டேன். அவ தொடலைன்னா ஒரு நாழி பாத்துட்டு நானே தின்னுருவேன். சின்னப் பிள்ளையிலேருந்தே நான் திங்கதைப் பாத்தா அவளுக்குப் பொறுக்காது.