முழங்கைக் கவசதாரி

அப்புத்தளை வீதிகளில் காணப்படும் மனித வகைகளுள், தலைக்கவசத்தை இடது முழங்கையில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் தனித்து ஆராயத்தக்கவர். தலைக்கவசம் என்பது தலையைக் காப்பது என்று அகராதி பொருள் கூற, பொலிஸ்காரரின் தலை தெரிந்ததும் மாட்டப்படுவது என்று இவர் பொருள் கொள்வதால், இவரை 'முழங்கைக் கவசதாரி' என்று வழங்குவது பொருந்தும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், இருபுறமும் பள்ளம் இறங்கும் ஒடுங்கிய மலைமுகட்டில் அப்புத்தளை அமைந்துள்ளது. இங்கிருந்து பெரகலைச் சந்திக்கு வளைந்து வளைந்து இறங்கும் ஏ16 நெடுஞ்சாலையில், பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவந்துவிட்டால், எதிரே வருவது கொழுந்து லொறியா பதுளை பஸ்ஸா என்பதை ஹோர்ன் சத்தத்தைக் கொண்டே அறிய வேண்டியிருக்கும். "இந்த ரோட்டுல கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவேன்" என்று கவசதாரி தேத்தண்ணிக் கடையில் சொல்வது காலையில் பெருமைப் பேச்சாகவும், மூன்று மணிக்குப் பிறகு வெறும் தகவலாகவும் அமைகிறது.

இலங்கைச் சட்டம் ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. கவசதாரியோ அச்சட்டம் பொலிஸார் நிற்கும் வளைவுகளில் மட்டுமே நடைமுறையில் இருப்பதாகக் கருதுகிறார். எதிரே வரும் வாகனம் முன்விளக்கைப் பகலில் இருமுறை மினுக்கினால், அடுத்த வளைவில் சோதனை உண்டு என்பது சாரதிகளிடையே வழங்கும் எழுதப்படாத சங்கேதமாகும். அது கிடைத்தவுடன் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்து, மறு கையால் கவசத்தைத் தலையில் கவிழ்த்து, முன்கண்ணாடி பிடரிப் பக்கம் போய்விட்டதை உணர்ந்து அதைத் திருப்பி வைப்பதற்குள் கழியும் சில வினாடிகளே அவரது பயணத்தின் மிக ஆபத்தான பகுதியாதலால், பாதுகாப்புக்காகவே அவர் உயிரைப் பணயம் வைக்கிறார் என்று கூற இடமுண்டு. நாடாவைக் கொளுவ நேரமில்லாததால் அது தாடைக்குக் கீழே ஆட்டுத்தாடிபோல ஆடிக்கொண்டிருக்க, அதிகாரியைப் பார்த்து ஒரு புன்னகையோடு கடந்துசெல்லும் கவசதாரி, அடுத்த வளைவில் கவசத்தை மீண்டும் முழங்கைக்கு இடமாற்றம் செய்கிறார்.

"தலையில மாட்டிக்கிட்டுப் போங்களேன்" என்று மனைவி சொல்லும்போது, "இந்தா, டவுனுக்குத்தானே" என்பதே அவரது நிரந்தர மறுமொழியாகும். விபத்து தூரத்தை அளந்து வருவதில்லை என்பதோடு, ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் தலை, வண்டி நின்றுகொண்டிருந்தாலும், மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தில் தரையை மோதும் என்னும் பௌதிக விதி டவுனுக்குப் போகிறவருக்கும் விலக்களிப்பதில்லை.

கவசத்தின் உள்ளே இருப்பது ரெஜிபோம் என மக்கள் அழைக்கும் வெண்ணுரைப் பொருளின் அடர்ந்த வகையாகும். மோதும்போது அது தான் நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைச் சிறிது நீட்டுவதன்மூலம் மூளைக்குச் செல்லும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. 'லோரன்ஸ் ஒப் அரேபியா' எனப்பட்ட டி.ஈ. லோரன்ஸ் 1935 இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையடிபட்டு இறந்தார்; அவரது சிகிச்சைக்கு அழைக்கப்பட்ட மூளை அறுவைநிபுணர் ஹியூ கெய்ன்ஸ் 1941 இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்கள்பற்றி எழுதிய ஆய்வு பிரித்தானியப் படையினருக்குக் கவசம் கட்டாயமாவதற்கு வழிவகுத்தது. பின்வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர், கவசம் தலைக்காய ஆபத்தை ஏறத்தாழ 69 வீதமும் மரண ஆபத்தை 42 வீதமும் குறைப்பதாகக் கணித்தனர். பண்டாரவளையில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியை, ரெஜிபோமைக் கழற்றினால் அடிபட்டுவிடும் என்று அஞ்சி, அதனுடனேயே கட்டி லயத்து வாசல்வரை கொண்டுவந்த கவசதாரி, தம் தலையைத் தொலைக்காட்சிக்குச் சமமாக மதிக்க இன்னும் உடன்படவில்லை.

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று, கியூஆர் அட்டையைக் காட்டி, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்ற காலம் அவரிடத்தில் மற்றொரு கலையையும் வளர்த்தது. அதுவே இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு, எஞ்சினையும் நிறுத்திவிட்டு மிதந்து செல்லும் கலை. சிறிய கியரில் இறங்கும்போது எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடிப்பதை எஞ்சின் பிரேக் என்பர். நியூட்ரலில் அது இல்லாமற்போவதால் முழுச்சுமையும் பிரேக் கட்டைகளின்மேல் விழுந்து, அவை சூடேறிப் பிடிமானம் குறைகின்றன. சேமித்த பெற்றோலின் விலையையும் தேய்ந்த கட்டைகளின் விலையையும் ஒரே கணக்கில் எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை.

இவ்வினத்தார் விழும் முறையும் பெரும்பாலும் ஒரேவிதமானது: மழைக்குப் பின் வளைவில் படிந்த மண்ணின்மேல் முன்பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிக்க, சக்கரம் சுழலாமல் வழுக்கி, வண்டி ஒரு பக்கமும் ஓட்டியவர் மறுபக்கமும் போகின்றனர். நெற்றியில் தையலோடு வீடு திரும்பும் கவசதாரி, பார்க்க வருவோரிடம் கவசத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். "பாருங்க, நல்ல சாமான், ஒரு கீறல் இல்ல" என்று அவர் சொல்வது உண்மையே. அன்று அவர் உடலில் காயமின்றித் தப்பிய ஒரே உறுப்பு இடது முழங்கைதான்.