ஒத்தை ரோ அண்ணன்

எந்த ஐ.டி. கம்பெனியிலும் ஒத்தை ரோ அண்ணன் ஒருவர் இருப்பார். டேட்டாபேஸில் மூன்று லட்சம் ரோ மாற்றவேண்டுமா? அசரமாட்டார். ஃபார் லூப் எழுதி, ஒவ்வொன்றாக அப்டேட் அடிப்பார். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும், குரோம்பேட்டை சித்தப்பாவுக்கு வைத்துவிட்டு வீடு திரும்பி, நோட்டில் டிக் அடித்து, சித்தப்பாவின் எதிர்வீட்டு மாமாவுக்கு வைக்க மறுபடி செருப்பை மாட்டுகிற ரகம். அந்த டிக்குக்குத்தான் கமிட் என்று பெயர்.

"என் லேப்டாப்புல பறக்குதே தம்பி" என்பார். பறக்காமல்? அங்கே டேட்டாபேஸும் அதே மெஷினுக்குள். இருப்பதும் நூறே ரோ.

2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. விகிதம் மாறியது. சோப்பு 18-லிருந்து 5, நெய் 12-லிருந்து 5, ஏசி 28-லிருந்து 18. எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் மூன்று லட்சம் அயிட்டம். முந்தின இரவு 11 மணிக்கு அண்ணன் லூப்பைத் தட்டிவிட்டார். ரிவ்யூவில் ஓகேயும் ஆகியிருந்தது. சர்வருக்கு ஒரு நடை போய்வர 20 மில்லிசெகண்ட். பெருக்கிப் பாருங்கள்: 1 மணி 40 நிமிஷம். புது வரியோ 12 மணிக்கு! அண்ணன் கணக்குப் பார்க்கவில்லை. திரையில் சதவீதம் ஏறுவதைத் தீபாராதனை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

43-இல் கனெக்‌ஷன் அறுந்தது. ரோவுக்கு ஒரு கமிட் என்பதால் மாறியது மாறியதுதான். ஒரே அலமாரியில் ஒரு சோப்புக்குப் புது வரி, பக்கத்துச் சோப்புக்குப் பழசு. எதுவரை போனது என்று லூப் எங்கும் எழுதிவைக்கவில்லை.

"கொஞ்சம் நகருங்கண்ணா" என்றாள், போன வருஷம் சேர்ந்த பெண். எச்.எஸ்.என். கோடும் புது விகிதமும் கொண்ட தற்காலிக டேபிள் ஒன்று போட்டாள். அதை அயிட்டம் டேபிளோடு ஜாயின் பண்ணி, ஒரே டிரான்ஸாக்‌ஷனில் ஒரே அப்டேட். நடந்தால் முழுசாக நடக்கும், இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. அண்ணன் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் முடிந்தது.

"எல்லாம் சரிம்மா, பர்சென்டேஜ் ஏறுறதே தெரியலையே" என்று குறைப்பட்டார்.

அடுத்த மாதம் திருந்தினார், கொஞ்சம் அதிகமாகவே. மொத்தத்தையும் ஒரே குவெரியில் திணித்தார். ஒரு குவெரிக்கு 65,535 பாராமீட்டருக்கு மேல் வாங்கமாட்டேன் என்று போஸ்ட்கிரெஸ் திருப்பியனுப்பியது.

நிற்க. அந்த லூப்புக்கு ரிவ்யூவில் ஓகே போட்டவன் நான்தான்.