வேலியோரத்துக் கணக்குப்பிள்ளைகள்

ஐரோப்பாவில் எந்தப் பெரிய விமான நிலையத்துக்குப் போனாலும், ஓடுபாதை முடிகிற இடத்தில், கம்பிவேலிக்கு வெளியே அவர் நிற்பார். காலடியில் மூன்று படி வைத்த அலுமினிய ஏணி. கழுத்தில் பைனாகுலர். சட்டைப்பையில் விமானிகளின் பேச்சைக் கேட்க ஒரு குட்டி ரேடியோ. ஃபிளாஸ்கில் டீ, டப்பாவில் காய்ந்துபோன சாண்ட்விச். கையில் கோடு போட்ட நோட்டு. மேகத்துக்குள்ளிருந்து ஒரு போயிங் இறங்கும். அதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைப் படிப்பார், நோட்டில் ஏற்றுவார், தேதி போடுவார், அச்சடித்த பட்டியலில் அதே எண்ணைத் தேடி ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான். அடுத்தது வரும்வரை டீ.

பிளேன் ஸ்பாட்டர் என்று இவருக்குப் பெயர். வீட்டில் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, அது நமக்கு வேண்டாம். ஆளைப் பிடிக்காது, பணத்தைக் கரைக்காது, பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. இதைவிடச் சாதுவான பைத்தியத்தைக் கடவுள் படைக்கவில்லை. மான்செஸ்டர் விமான நிலையம் இவர்களுக்காகவே ஓடுபாதையோரம் ஒரு பூங்கா கட்டி, பழைய கான்கார்ட் விமானம் ஒன்றையும் நிறுத்திவைத்திருக்கிறது.

அவர் படிக்கிற எண் திருட்டு எண்ணும் அல்ல. நாடு விட்டு நாடு பறக்கிற ஒவ்வொரு விமானமும் தன் நாட்டு அடையாளத்தையும் பதிவு எண்ணையும் உடம்பில் தாங்கியிருக்க வேண்டும் என்று 1944-ல் சிகாகோவில் உலக நாடுகள் கூடி உடன்படிக்கை எழுதின. அமெரிக்க விதி ஒரு படி மேலே போய், விமானத்தில் அந்த எழுத்து பொதுவாக 12 அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்கிறது. முழுசாக ஓர் அடி! கண்புரை விழுந்த தாத்தாவும் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும் என்ற நல்லெண்ணம்தானே? தாத்தாக்கள் படித்தார்கள். பிடித்து உள்ளே வைத்தார்கள்.

2001 நவம்பர் 8. கிரீஸ் நாட்டின் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் விழா. ஊர்ஜனங்களே வாருங்கள், நம் விமானங்களைப் பாருங்கள் என்று வாசலைத் திறந்துவைத்த நாள். பிரிட்டனிலிருந்து 12 பேர், நெதர்லாந்திலிருந்து 2 பேர் விமானம் பார்க்கும் சுற்றுலாவாக வந்திருந்தார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம், எழுதிவிட்டார்கள். உளவு வழக்கு பாய்ந்தது. ஐந்து வாரங்களுக்கு மேல் சிறை. அப்புறம் தலைக்கு ஏறக்குறைய 9,000 பவுண்டு கட்டி ஜாமீன். 2002 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: எட்டுப் பேருக்கு மூன்று வருஷம், உடந்தையாக இருந்ததாக ஆறு பேருக்கு ஒரு வருஷம், அது மட்டும் நிறுத்திவைப்பு. அந்த நவம்பரில்தான் மேல்முறையீட்டில் எல்லாரும் விடுதலை ஆனார்கள்.

ஒரு மனிதன் காசு செலவழித்து வெளிநாடு வந்து வெயிலில் நின்று எண் எழுதுகிறான் என்றால், அதில் அவனுக்கு ஏதாவது லாபம் இல்லாமலா இருக்கும்? கிரேக்க அதிகாரிகளுக்குக் கடைசிவரை இது விளங்கவில்லை. லாபமில்லாமல் எதையும் செய்யாத இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படி விளங்கும்? உளவு பார்க்க வருகிறவன் பதினான்கு பேராகக் கூட்டம் சேர்த்துக்கொண்டு பட்டப்பகலில் விழாவுக்கு வருவானா என்று ஒரு கான்ஸ்டபிளுக்குக்கூடத் தோன்றவில்லை.

இங்கே 2001-ஆம் வருஷத்துக் காலண்டரைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலமாட்டாவில் கைவிலங்கு மாட்டுவதற்குப் பதினாறு நாள் முன்பு, அக்டோபர் 23. கராச்சி விமான நிலையத்தில் விடியாத வேளை. ஏமன் நாட்டு மாணவர் ஒருவரைக் கட்டி இழுத்துவந்து ஒரு வெள்ளை கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட்டில் ஏற்றுகிறார்கள். பாகிஸ்தான் பத்திரிகையாளர் ஒருவர் சில நாளிலேயே செய்தி எழுதினார். விமானத்தின் எண்ணையும் சேர்த்தே எழுதினார்: என்379பி. முதலில் இருக்கிற 'என்' அமெரிக்காவுக்கு உரியது. அந்த மாணவர் என்ன ஆனார் என்பதற்கு அந்த 'என்' தேசம் கணக்குச் சொல்லவில்லை.

அடுத்தது டிசம்பர் 18. கலமாட்டாக் குற்றவாளிகள் ஜாமீனில் வீடு திரும்பிச் சில நாள்தான் ஆகியிருந்தது. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் புரோமா விமான நிலையம், இரவு நேரம். அதே என்379பி வந்து நிற்கிறது. அடைக்கலம் கேட்டு வந்திருந்த எகிப்தியர் இருவரின் மனு அன்றைக்குத்தான் தள்ளுபடி ஆகியிருந்தது. விமானத்திலிருந்து இறங்கிய அமெரிக்கர்கள் முகமூடி போட்டிருந்தார்கள். நிலையத்துக் காவலறையில் அந்த இருவரின் உடுப்பை உடம்போடு வைத்துக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். டயப்பர் கட்டினார்கள். மேலங்கி மாட்டி, தலையில் துணி மூடி, கைகால்களைச் சங்கிலியில் பிணைத்தார்கள். சுவீடன் போலீஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் நோட்டு எடுக்கவில்லை. எடுத்திருந்தால்தானே குற்றம்?

விமானம் போன இடம் எகிப்து. சித்திரவதை செய்ய மாட்டோம் என்று அந்நாட்டு அரசு கொடுத்த உத்தரவாதத்தைச் சுவீடன் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டது. ஆட்டுக்குட்டியை ஓநாயிடம் ஒப்படைக்கும்போது ரசீது வாங்குகிற நாகரிகம் அது. பிற்பாடு ஐ.நா. குழுக்கள் சுவீடனின் தலையில் குட்டின. 2008-ல் சுவீடன் அந்த இருவருக்கும் தலைக்கு 30 லட்சம் குரோனர் இழப்பீடு கொடுத்தது. விமானத்தில் வந்த முகமூடிகளுக்கு ஜாமீன் தொகை எவ்வளவு, எத்தனை வருஷம் தண்டனை என்று கேட்கிறீர்களா? எண் எழுதினால் மூன்று வருஷம். ஆளைத் தூக்கினால் பூஜ்யம். இதுதான் ரேட்.

இந்த ரகசிய விமானங்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று பதிவேட்டைப் புரட்டினால், தபால் பெட்டி எண்ணை முகவரியாக வைத்திருந்த கம்பெனிகள் வந்தன. பிறந்த, வளர்ந்த தடயமே இல்லாத இயக்குநர்கள் வந்தார்கள். நம் ஊர் பினாமிக்காவது ஒரு ரேஷன் கார்டு இருக்கும்.

ஆனால் இந்த விமானங்களை இயக்கிய அமெரிக்க உளவு நிறுவனம் சி.ஐ.ஏ. ஒரு விஷயத்தில் கோட்டைவிட்டது. சாட்டிலைட்டுக்கும் தூதரகத்துக்கும் பயந்தவர்கள், ஏணி மேல் நின்ற டீ ஃபிளாஸ்க்காரரை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அவர் ஷானனில் எழுதினார், கிளாஸ்கோவில் எழுதினார், பால்மா டி மயோர்காவில் படமும் எடுத்தார். என்ன சுமை, யாருடைய பிள்ளை உள்ளே என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு அது ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம், இதுவரை அடிக்காத எண், அவ்வளவுதான். பைக் திருடுகிறவன் முதலில் மாற்றுவது நம்பர் பிளேட்டை, இவர்களும் மாற்றினார்கள். என்379பி ஒருநாள் என்8068வி ஆனது. அதனால் என்ன? சேஸிஸ் நம்பரைப் போல விமானத்துக்கும் தயாரிப்பு வரிசை எண் உண்டு. அந்த எண் 581 என்பதையும், புதுப் பெயரில் வந்திருப்பது பழைய ஆள்தான் என்பதையும் கண்டுகொள்ள இந்தக் கூட்டத்துக்கு உளவுத்துறை வேண்டியதில்லை.

அந்த நோட்டுகளையும் படங்களையும் பறப்புப் பதிவுகளையும் பத்திரிகையாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் காணாமல் போனவர்களின் வழித்தடம் தெரிந்தது. 2001 கடைசியிலிருந்து 2005 கடைசிவரை சி.ஐ.ஏ. இயக்கிய விமானங்கள் குறைந்தது 1,245 தடவை ஐரோப்பிய வானத்தில் வந்துபோயின என்று 2007-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம் சொன்னது. எல்லாவற்றிலும் கைதி இருந்தார் என்று இல்லை. எதில் இருந்தார் என்று கேட்டால்தான் எல்லா அரசுக்கும் ஒரே சமயத்தில் காது அடைத்துக்கொள்கிறது.

ஜெர்மன் குடிமகன் காலித் எல்-மஸ்ரியின் கதையைக் கேளுங்கள். கல்யாணத்துக்கு நம் ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்ப்பார். சி.ஐ.ஏ.வுக்கு ஒரே பொருத்தம் போதும்: பெயர்ப் பொருத்தம். அல்-கொய்தா ஆள் ஒருவனின் பெயரை ஒத்திருந்ததால் 2003 டிசம்பர் 31 அன்று மாசிடோனிய எல்லையில் அவரைப் பிடித்தார்கள். ஓட்டல் அறையில் 23 நாள் அடைத்துவைத்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று பால்மாவிலிருந்து கிளம்பி மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேவில் இறங்கியது என்313பி என்ற போயிங் 737. அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு காபூலுக்குப் போயிற்று. நான்கு மாதம் கழித்து, ஆள் மாறிப்போச்சு என்று புரிந்ததும், அல்பேனியாவில் ஒரு மலைச்சாலையில் இறக்கிவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைக்கூட நம் கண்டக்டர் ஸ்டாப்பிங் பார்த்துத்தான் இறக்குவார்.

அவர் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போனார். அரசாங்க ரகசியம் என்று கதவைச் சாத்தினார்கள். 2007-ல் உச்ச நீதிமன்றமும் எடுத்துப் பார்க்க மறுத்தது. மியூனிக் அரசு வழக்கறிஞர்கள் அவரைக் கடத்தியதாக 13 பேர்மீது பிடிவாரண்ட் வாங்கினார்கள். பிடிக்க ஒருவரும் அகப்படவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-ல் மாசிடோனியாவுக்கு 60,000 யூரோ தண்டம் போட்டது. அதாவது வீட்டைக் காட்டிக்கொடுத்தவன் மாட்டினான், கொள்ளையடித்தவன் கனவானாகவே இருந்துவிட்டான்.

இந்தப் பரம ரகசியம் கடைசியில் எங்கே கொட்டியது தெரியுமா? பில் பாக்கியில். விமானம் வாடகைக்கு விட்ட இரண்டு கம்பெனிகள் பணத் தகராறில் நியூயார்க் மாநிலத்துக் கீழ்க்கோர்ட்டுக்குப் போயின. எந்த நாள், எந்த ஊர், எத்தனை மணி, சாப்பாட்டுச் செலவு எவ்வளவு என்று ரசீது ரசீதாகக் கோர்ட்டில் அடுக்கினார்கள். தோல் உரிந்தவன் கேட்டால் தேச ரகசியம். வாடகை வரவில்லை என்றால் எல்லாம் பகிரங்கம்.

பாதுகாப்பு முக்கியம் இல்லையா என்று கேட்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். முக்கியம்தான். 2010 பிப்ரவரியில் டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஓடுபாதை தெரிகிற அறையாகக் கேட்டு வாங்கித் தங்கிய பிரிட்டிஷ் ஸ்பாட்டர்கள் இருவரை நம் போலீஸ் பிடித்தது. ரேடியோவும் பைனாகுலரும் சிக்கின. கோர்ட்டுக்கு நடந்து, 25,000 ரூபாய் அபராதம் கட்டி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். மும்பைத் தாக்குதல் முடிந்து ஒன்றேகால் வருஷம். பயப்படக் காரணம் இருந்தது. ஆனால் அந்தத் தாக்குதலுக்காக ஊரை நிஜமாகவே வேவு பார்த்த டேவிட் ஹெட்லி ஐந்து தடவை மும்பைக்கு வந்து தங்கி, வீடியோ எடுத்துப் போனான். கையில் அமெரிக்க பாஸ்போர்ட், அதில் முறையான விசா. அவன் ஏணி கொண்டுவரவில்லை. 2015-ல் அமீரகத்தின் ஃபுஜைராவில் மூன்று பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு மாதம் கம்பி எண்ணினார்கள். அவர்களும் ஸ்பாட்டர்கள்தான். விமானத்தை எண்ணினால் கம்பி எண்ண வேண்டும் என்பது இப்போது சர்வதேசச் சட்டம் போலும்.

ஸ்பாட்டரே இல்லாத விமானத்தளம் ஒன்று உண்டு. ஆட்சியாளர்களின் சொர்க்கம் அப்படித்தான் இருக்கும். இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா. பிரிட்டன் தன் தீவை அமெரிக்கத் தளத்துக்காக ஒதுக்கி, அந்த மண்ணின் மக்களை 1973-க்குள் கப்பலேற்றி அப்புறப்படுத்தியது. வேலியோரம் நிற்க ஒரு ஆளும் மிச்சமில்லை. கைதி விமானம் ஏதும் அங்கே வரவில்லை என்று பிரிட்டன் அடித்துப் பேசியது. 2008 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் எழுந்து நின்று, 2002-ல் இரண்டு வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு கைதி இருந்தார், எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின, மன்னிக்கவும் என்றார். பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். 2014 ஜூலையில் பதில் வந்தது: பதிவேடு தண்ணீரில் நனைந்துவிட்டது, முழுமையாக இல்லை. பன்னிரண்டு வருஷம் உலர்ந்துகிடந்த காகிதம், கேள்வி வந்த பருவத்தில் நனைந்திருக்கிறது! ஊரே சிரித்ததும், காயவைத்துவிட்டோம், ஒன்றும் போகவில்லை என்று இன்னொரு பதில் வந்தது. அப்பளமா பதிவேடா?

அதே தீவின் கரையில் 2021 அக்டோபரில் ஒரு படகு ஒதுங்கியது. இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளோடு. வேலி போட்ட முகாமில், எலி ஓடும் கூடாரங்களில் மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதக் காவல் என்று 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. பார்க்க ஆளில்லாத இடத்தில் எண் மட்டும் தொலைவதில்லை. மனிதர்களும் தொலைகிறார்கள்.

இங்கிலாந்தில் மழைக்குக் குறைவில்லை. மான்செஸ்டர் வேலியோரம் நிற்கிறவருக்கு மேகம் கூடினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். முதலில் நோட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் செருகி, சட்டைக்குள் வயிற்றோடு வைத்துப் பொத்தானைப் போடுவார். குடையைத் தேடுவது அதற்கு அப்புறம்தான். தலை நனையும், ஏணி நனையும், சாண்ட்விச் கூழாகும். நோட்டு நனையாது.

எந்த அரசாங்கமும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஆவணக் காப்பகம் என்ற பலகை மாட்டிய கட்டடமும் அவருக்கு இல்லை. இருப்பதெல்லாம் பத்துப் பதினைந்து வருஷத்து நோட்டுகள், காய்ந்தபடி.