சிவப்புப் பெருக்கல் குறி

15 நிமிடம் கோப்பு எதையும் தொடாதவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்பது விண்டோஸ் சர்வரின் நம்பிக்கை. இணைப்பை அறுத்துவிடும். டீ குடித்துவிட்டு வந்தால், அந்த சர்வரோடு இணைத்திருக்கும் இசட் டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. அதையே சொடுக்கினால் ஒன்றும் நடக்காததுபோலத் திறந்துகொள்ளும். ஆனால் யார் சொடுக்கிப் பார்க்கிறார்கள்? ஐடி பிரிவுக்குத்தான் போன். அங்கே ரீஸ்டார்ட் பண்ணச் சொல்வார்கள், பிறகு கேபிளை மாற்றுவார்கள். 'நெட் கான்ஃபிக் சர்வர்' கட்டளையில் ஆட்டோடிஸ்கனெக்ட் எண்ணை -1 ஆக்கச் சொல்லி மைக்ரோசாஃப்ட் எழுதிவைத்துப் பல வருஷமாகிறது. படிக்கத்தான் ஆளில்லை.

லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். கோப்புப் பகிர்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் என்எஃப்எஸ்ஸின் ஹார்ட் மவுன்ட், செத்த சர்வரை முடிவில்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ‘பதில் இல்லை, இன்னும் முயல்கிறேன்’ என்று பதிவேட்டில் வேறு எழுதிவைக்கும்.