மண்ணை அள்ளியவர்கள் செடியோடு வருகிறார்கள்

பசிபிக் தீவுகளைக் காப்பாற்றுவது முன்பெல்லாம் பெரிய வேலையாக இருந்தது. கப்பல் வேண்டும், பைபிள் வேண்டும், பீரங்கி வேண்டும், போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்துப்போகவும் தயாராக இருக்க வேண்டும். இப்போது அந்தச் சிரமமெல்லாம் இல்லை. கடன் அட்டையும் இரண்டு வார விடுமுறையும் போதும். படிவத்தை நிரப்பி, விமானக் கட்டணம் நீங்கலாகச் சில ஆயிரம் டாலர் கட்டினால், பிஜியின் நாடி விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்று, 'தொண்டர்' என்று அச்சிட்ட பனியனையும் கொடுத்து, ஒரு கிராமத்தைக் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். திரும்பிப் போகும்போது கிராமம் இருந்தபடியே இருக்கும். அதற்கு மட்டும் உத்தரவாதம் உண்டு.

என்ன தகுதி வேண்டும் என்று கேட்கிறீர்களா? பதினெட்டு வயது, நல்ல மனசு, நல்ல கேமரா. மெல்பர்னில் ஒரு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தப் பட்டம் கேட்பார்கள், பதிவு கேட்பார்கள். தீவுப் பள்ளியில் அந்த வம்பெல்லாம் கிடையாது. சாக்பீஸைப் பிடிக்கத் தெரிந்தால் ஆசிரியர். பிடிக்கத் தெரியாவிட்டால் பெயிண்டர். போன மாதக் குழு நீலம் அடித்த சுவரில் இந்த மாதக் குழு மஞ்சள் அடிக்கலாம். உள்ளூர்ப் பெயிண்டர் பெயிண்ட் வாங்கிக் கொடுத்துக் கூலியும் கொடுத்தால் ஒரே நாளில் முடித்துவிடுவார். ஆனால் அவர் ஏணியில் நிற்கும் படத்துக்கு யார் விருப்பக்குறி போடுவார்கள்?

ஆங்கிலம் கற்றுக்கொடுப்பதுதான் முக்கியமான சேவை. பிஜியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, வகுப்பில் ஆங்கிலம். வனுவாட்டுவில் சுமார் மூன்று லட்சம் பேர் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் பிஸ்லாமா, ஆங்கிலம், பிரெஞ்சு. டோங்காவிலும் சமோவாவிலும் எழுத்தறிவு ஏறத்தாழ முழுமை. தாய்மொழியைத் தவிர வேறொன்றும் அறியாத ஒருவர் பத்தாயிரம் கிலோமீட்டர் பறந்துவந்து, மூன்று மொழி பேசும் குழந்தைக்கு 'ஆப்பிள்' சொல்லிக்கொடுக்கிறார். குழந்தையும் பொறுமையாகத் திருப்பிச் சொல்கிறது. விருந்தாளியின் மனம் கோணக் கூடாது என்று வீட்டில் வளர்த்த பிள்ளை அது.

ஆப்பிள் என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த வகுப்பை நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போயிருக்கவும் கூடும். நியூசிலாந்து 2007இலும் ஆஸ்திரேலியா 2012இலும் தீவுக்காரர்களைப் பருவ வேலைக்கு அழைக்கும் திட்டங்களை முறையாகத் தொடங்கின. அங்கே தோட்டத்தில் கிடைக்கும் கூலி இங்கே பள்ளிச் சம்பளத்தைவிட அதிகம். ஆசிரியர்களும் போலீஸ்காரர்களும்கூடக் கிளம்பிப் போகிறார்கள் என்று சமோவா வாய்விட்டே புலம்பியது. கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்: பயிற்சி பெற்ற ஆசிரியர் அங்கே கூடை தூக்குகிறார், பயிற்சி இல்லாத மாணவர் இங்கே பாடம் நடத்துகிறார். முதல் பயணத்துக்குத் தொழிலாளர் திட்டம் என்று பெயர், இரண்டாவதற்குத் தொண்டு. இதற்கு முந்தைய வடிவம் இன்னும் நேர்மையாக இருந்தது. 1863 முதல் 1904 வரை சுமார் 62,000 தீவுக்காரர்களை, ஏமாற்றியும் கடத்தியும்கூட, குவீன்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1901இல் 'வெள்ளை ஆஸ்திரேலியா' கொள்கை பிறந்ததும் சட்டம் போட்டு, பெரும்பாலானவர்களைத் திருப்பியும் அனுப்பினார்கள். அப்போது யாரும் பனியன் கொடுக்கவில்லை.

2019 ஆகஸ்டில் துவாலுவின் ஃபூனாஃபூட்டியில் பசிபிக் தலைவர்கள் கூடினார்கள். நிலக்கரியைக் கைவிடுங்கள் என்று தீவுகள் கேட்டன. உலகின் மிகப் பெரிய நிலக்கரி ஏற்றுமதியாளர்களில் ஒன்றான ஆஸ்திரேலியா, தீர்மானத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டது. அந்த நாட்களில் ஆஸ்திரேலியத் துணைப் பிரதமர் மைக்கேல் மெக்கார்மக் சொன்ன ஆறுதல் வரலாற்றில் நிற்க வேண்டியது: தீவுக்காரர்கள் பிழைத்துக்கொள்வார்கள், அவர்களில் பலர் எங்கள் நாட்டுக்கு வந்து எங்கள் பழங்களைப் பறிக்கிறார்களே! நாடு முழுகினாலும் கூடை மிதக்கும் என்பது கருத்து. கண்டனம் கிளம்பியதும் வருத்தம் தெரிவித்தார். நிலக்கரிக் கப்பல்கள் வருத்தம் தெரிவிக்காமல் போய்க்கொண்டிருக்கின்றன.

ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பிள்ளைகள்தான் சுற்றுச்சூழலைக் காக்கக் கற்றுக்கொடுக்க வருகிறார்கள். வந்ததும் கண்டல் செடி நடுவார்கள். முழங்கால் சேற்றில் வரிசையாக நின்று நட்டால் படம் பிரமாதமாக வரும். கண்டல் தனக்கு ஒத்துவரும் இடத்தில் தானே விதை போட்டு முளைக்கும், அலை எட்டும் உயரம் பார்க்காமல் தாழ்ந்த சேற்றில் குத்திவைத்தால் செத்துப்போகும் என்பது கரையோரக் கிழவிக்குத் தெரியும். ஆனால் அவரை யாரும் திட்ட ஆலோசகராக நியமிக்கவில்லை. செடி சாவதற்குள் குழுவும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

பிஜியில் உதுனிவனுவா என்று ஒரு கிராமம். சிப்பி குறைந்துவருவதைப் பார்த்த ஊர்க்காரர்கள் 1997இல் தங்கள் கடற்சேற்றில் 24 ஹெக்டேரை மூன்றாண்டுகளுக்கு மூடினார்கள். யாரும் கை வைக்கக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு போட்டது. தலைவர் இறந்தால் கடலின் ஒரு பகுதியில் மீன்பிடிக்காமல் விடும் பழைய வழக்கம்தான் அடிப்படை. சுவாவில் இருக்கும் தெற்கு பசிபிக் பல்கலைக்கழகத்தார் எண்ணிப் பார்க்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள், எண்ணியது ஊர்க்காரர்கள். சிப்பி பெருகியது. நூற்றுக்கணக்கான கிராமங்கள் அதே வழியில் போயின. இந்த வழியில் போன கிராமங்களின் கூட்டமைப்புக்கு 2002இல் ஐ.நா. பரிசு கிடைத்தது. ஆகவே, பிஜிக் கிராமத்தானுக்குக் கடல் பாதுகாப்பு வகுப்பெடுக்கப் போகிறவர் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோவது நல்லது. குறிப்பெடுக்க உதவும்.

இதுவரை சிரித்தோம். பனாபா என்ற தீவைப் பற்றிச் சொல்லிவிட்டுச் சிரிக்க முடிகிறதா என்று பார்ப்போம்.

இன்று கிரிபாஸ் நாட்டைச் சேர்ந்த இந்தச் சிறு தீவில் 1900ஆம் ஆண்டு ஒரு கம்பெனிக்காரர் பாஸ்பேட்டைக் கண்டுபிடித்தார். தீவையே எழுதிக்கொடுக்க எந்த அதிகாரமும் இல்லாத ஒருவரை அரசர் என்று வைத்துக்கொண்டு ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்கு 50 பவுண்டு, 999 ஆண்டுகளுக்கு. பின்பு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து ஆணையம் அமைத்து 1979 வரை தோண்டின. நிலத்தின் மேல்மண்ணில் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்கு என்பார்கள், கப்பலேறிப் போய்விட்டது. அந்தத் தீவின் மண்ணைத் தூவித்தான் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் புல்வெளிகள் பசுமையாயின, பசுக்கள் கொழுத்தன. மக்களை 1945 டிசம்பரில் கப்பலேற்றி, பிஜியின் ராபி தீவில் இறக்கிவிட்டார்கள். தென்னை நின்ற தீவு இன்று சுண்ணாம்புப் பாறையாகப் பல்லிளித்து நிற்கிறது. அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று பசிபிக் பக்கம் வருகிறார்கள், கையில் தொட்டிச் செடியோடு.

நல்லெண்ணம் இருக்கிறதே, அதைப் போல அந்தத் தீவுகள் பயப்பட வேண்டியது வேறெதுவும் இல்லை. 1946 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து வந்த, மார்ஷல் தீவுகளின் பிக்கினி மக்களிடம் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர் தீவைக் கொஞ்ச நாள் விட்டுத்தரச் சொன்னார். மனிதகுலத்தின் நன்மைக்காக என்றார். 167 பேர் நம்பிப் போனார்கள், போன இடத்தில் பட்டினி கிடந்தார்கள். அந்தத் தீவுக்கூட்டத்தில் 1958 வரை 67 அணு வெடிப்புகள் நடந்தன. 1954 மார்ச் 1இல் வெடித்த ஒன்று ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு. ரோங்கெலாப் தீவில் வெண்சாம்பல் கொட்டியது, குழந்தைகள் அதில் விளையாடினார்கள்.

பிறகு கல்வி வந்தது. 1963இல் ஆந்தனி சாலமன் தலைமையிலான குழு, மைக்ரோனேசியத் தீவுகளை அமெரிக்காவோடு நிரந்தரமாக ஒட்டவைக்க என்ன செய்யலாம் என்று வெள்ளை மாளிகைக்கு அறிக்கை கொடுத்தது. யோசனைகளில் ஒன்று, அமைதிப் படைத் தொண்டர்களை அனுப்புவது. 1966 முதல் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் பாடப்புத்தகத்தோடு போய் இறங்கினார்கள். பாவம், அவர்களுக்கே தெரியாது, அந்த இணைப்புக்குத் தீவுக்காரர்கள் போட வேண்டிய ஓட்டுக்குத் தாங்களே முன்பணம் என்று. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. சட்டம் படித்த தொண்டர்கள் சிலர் வந்த வேலையை மறந்து, தீவுக்காரர்கள் பக்கம் நின்று வழக்கு நியாயம் பேச ஆரம்பித்தார்கள். அமெரிக்க நிர்வாகத்துக்குத் தலைவலி பிடித்தது.

அந்தத் தலைவலிதான் என் அளவுகோல். ஒரு தொண்டர் உருப்படியான வேலை செய்கிறாரா என்று அறிய, அவரால் யாருக்குத் தூக்கம் கெடுகிறது என்று பார்க்க வேண்டும். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவரால் எந்த அமைச்சருக்கும் தூக்கம் கெடாது. அதனால்தான் அவருக்கு விசா இருக்கிறது, வரிவிலக்கு இருக்கிறது, வழியனுப்பு விழா இருக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கதிர்வீச்சில் இனி வாழ முடியாது, எங்களை வேறிடம் கொண்டுபோங்கள் என்று ரோங்கெலாப் மக்களே கேட்டார்கள். 1985 மே மாதம் கிரீன்பீஸின் ரெயின்போ வாரியர் கப்பல் சுமார் 300 பேரை, வீட்டுப் பலகைகளோடு ஏற்றிப்போய் இறக்கியது. பன்னாட்டுத் தொண்டர்கள்தான், கேட்டபின் வந்தவர்கள். அடுத்து மொரூரோவாவில் பிரான்ஸ் நடத்திவந்த அணுச் சோதனையை எதிர்க்கக் கிளம்ப இருந்தார்கள். ஜூலை 10ஆம் தேதி ஆக்லாந்து துறைமுகத்தில் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து அந்தக் கப்பலை மூழ்கடித்தார்கள். புகைப்படக்காரர் பெர்னாண்டோ பெரேரா செத்தார். பிடிபட்ட உளவாளிகள் இருவருக்கு நியூசிலாந்து பத்தாண்டுச் சிறை விதித்தது. பின்பு பிரான்ஸ் பேரம் பேசி, ஹாவோ என்ற பவளத்தீவுக்கு மாற்றி, மூன்றாண்டுகூட முடியாமல் பாரிசுக்கு அழைத்துக்கொண்டது. தண்டனை அனுபவிக்கவும் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பசிபிக் தீவு.

இரண்டு மூன்று ஆண்டு தங்கி, மொழி கற்று, உள்ளூர் மருத்துவமனை கேட்ட வேலையைச் செய்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பும் செவிலியரும் பொறியாளரும் உண்டு. அவர்களை இந்தக் கூட்டத்தோடு சேர்த்துத் திட்ட எனக்கு விருப்பமில்லை.

திட்டுவதில் எனக்கு முன்னோடியும் இருக்கிறார். டோங்கா வம்சத்து எழுத்தாளர் எபெலி ஹௌஓஃபா, 1983இல் 'டேல்ஸ் ஆஃப் த டிக்கோங்ஸ்' என்ற கதைத் தொகுதியில், உதவ வந்த நிபுணர்களிடம் சிக்கிய ஒரு கற்பனைத் தீவை வைத்து, வந்தவர்களையும் வாங்கியவர்களையும் சேர்த்தே கிழித்துப்போட்டார். அவர் ஆசிரியராக இருந்த அதே தெற்கு பசிபிக் பல்கலைக்கழகத்தின் வனுவாட்டு வளாகத்தில், போர்ட் விலாவில், 2019இல் சட்ட மாணவர்கள் 27 பேர் ஒரு யோசனை சொன்னார்கள்: பருவநிலையைக் கெடுக்கும் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்போம். வனுவாட்டு அரசு அதைத் தோளில் சுமந்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றது. 2025 ஜூலை 23இல் ஹேக் நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: கடமை உண்டு, மீறினால் இழப்பீடு வரை போகலாம். இந்த மாணவர்களின் தம்பி தங்கைகளுக்குத்தான் விழிப்புணர்வு ஊட்ட ஆட்கள் விமானம் ஏறுகிறார்கள்.

இந்த வரிசையில் வெள்ளைத் தோல் மட்டும் நிற்பதாக நினைத்துவிட வேண்டாம். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு பத்தி நிரம்ப வேண்டும் என்பதற்காகப் பிள்ளையைத் தீவுக்கு அனுப்பும் ஆசை சிட்னித் தமிழ் வீட்டையும் கலிபோர்னியாத் தமிழ் வீட்டையும் விட்டுவைக்காது. அனுப்பும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜியின் கரும்புக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களுக்குப் பள்ளி கட்டித் தரத் தொண்டர்கள் வரிசையில் நிற்கவில்லை. கூலியாகவே போன சாது குப்புசாமியும் அவர் கூட்டாளிகளும் 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கி, கரும்பு வெட்டிய காசில் பள்ளிகளை எழுப்பினார்கள். அவை இன்றும் நடக்கின்றன, பிஜியின் எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

தீவுக்குப் போக ஆசையாக இருந்தால் போங்கள். விருந்தாளியாகப் போங்கள், உள்ளூர்க்காரர் விடுதியில் தங்கிக் காசு கொடுங்கள், கடலில் குளியுங்கள், யாரையும் காப்பாற்றாமல் திரும்பி வாருங்கள். தொண்டு செய்தே தீருவேன் என்று கை துறுதுறுத்தால், பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டு உங்கள் தொகுதி எம்.பி. அலுவலக வாசலில் போய் நில்லுங்கள். புதிய நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கைதூக்குகிறவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.