திசை பார்த்துப் படுக்கும் காந்தம்

எங்கள் ஊர் மிளகுக் கிடங்கில் மணம் மாதக்கணக்கில் நிற்கும். ஒற்றை மூலக்கூறே காந்தமாமே, அது எவ்வளவு நேரம் நிற்கும்?
(வாசகர், மட்டாஞ்சேரி, கொச்சி)

அதுவும் மாதக்கணக்குதான்! கிடங்கை மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்விக்கத் தயாரா? 12 மாங்கனீசு அணுக்கள் கொண்ட மூலக்கூறு அந்தக் குளிரில் காந்தத்தை மாதக்கணக்கில் விடாது என்று 1993-இல் காட்டினார்கள். அதன் காந்தம் ஓர் அச்சில்தான் சுகமாகப் படுக்கும். மறுபக்கம் புரள ஆற்றல் மேடு ஒன்றை ஏற வேண்டும். குளிரில் அதற்குத் தெம்பு ஏது? 2018-இல் டிஸ்புரோசியம் என்ற உலோகம் கொண்ட மூலக்கூறு ஒன்று, மாதக்கணக்கில் இல்லாவிட்டாலும், 80 கெல்வின் வரை காந்தத்தைப் பிடித்து வைத்தது. அந்தக் குளிருக்குத் திரவ நைட்ரஜனே போதும்.

இதில் நம்மவர் யாராவது கை வைத்திருக்கிறார்களா?

கை வைத்தவர் மட்டுமல்ல, காந்தத்துக்குப் பிடித்த அச்சை அளக்கும் கலைக்குக் கால்கோள் இட்டவர்களில் ஒருவரே நம்மவர்! வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், 1930-களில் டாக்காவிலும் கொல்கத்தாவிலும் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எந்தத் திசைக்குத் திரும்புகின்றன என்று அளந்தார். இழையின் முறுக்கைக் கொண்டே, படிகத்துக்குள் மூலக்கூறு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கணித்துச் சொன்னார். சி.வி. ராமனின் ஆய்வுத் துணைவர் என்று மட்டும் பாடப் புத்தகம் அவரைச் சொல்லி நிறுத்துவது எனக்கு வருத்தம்.