ஆத்தூர் என்று ஓர் ஊர் உண்டு

பெறுநர்: பதிவுத்துறைத் தலைவர், சென்னை.
பொருள்: ஆத்தூர் இருப்பதை மற்ற துறைகளுக்கும் தெரிவிக்கக் கோருதல்.

ஐயா,

சேலத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டரில், வசிஷ்ட நதிக்கரையில் ஆத்தூர் இருக்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல. எந்தத் தெருவில் சதுர அடி என்ன விலை என்பதுவரை, வழிகாட்டி மதிப்பு என்ற பெயரில் தங்கள் இணையதளத்தில் கிடக்கிறது. அரசாங்கத்தில் இந்த ஊரை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர் வேறு யாருமில்லை என்பதாலேயே இக்கடிதம்.

வாழ எளிதான நகரங்கள் எவை என்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2021 மார்ச்சில் 111 நகரங்களைத் தரவரிசைப்படுத்தியது. பெரிய நகரங்களில் பெங்களூரு முதலிடம், சென்னை நான்கு, கோவை ஏழு. பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்டவற்றில் சிம்லா முதலிடம், சேலம் ஐந்து. ஆத்தூருக்குக் கடைசி இடம்கூடக் கிடைக்கவில்லை. தரம் பார்க்கும்போது ஊரே கண்ணில் படுவதில்லை; தீர்வை போடும்போது முட்டுச்சந்துகூடத் தப்புவதில்லை.

தீர்வையில் தாங்கள் காட்டும் சமத்துவம் மெச்சத்தக்கது. சென்னை போட் கிளப் சாலையில் பங்களா வாங்கினாலும், ஆத்தூர் முல்லைவாடியில் ஒன்றரை சென்ட் வாங்கினாலும், பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

2017 ஜூனில் ஒரே உத்தரவில் மாநிலம் முழுக்க வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் சரிந்தது. கையோடு பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 ஆனது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழையபடி ஏறியது. கட்டணம் 2 ஆனது. அந்த இரண்டு நாளிலும் ஆத்தூர்ச் சாக்கடை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

இனி வாடை விஷயம். மரவள்ளியை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகள் இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுபவை. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஆலைக் கழிவுநீரும், களத்தில் காயும் மரவள்ளிச் சக்கையான திப்பியும் காற்று திரும்பினால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வழிகாட்டி மதிப்புப் பட்டியலுக்கு மூக்கு கிடையாது. மனைத் தரகருக்கு உண்டு. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் நேரமாகப் பார்த்துத்தான் இடம் காட்டக் கூட்டி வருவார்.

ஆகவே அடுத்த திருத்தத்தின்போது சதுர அடி விலைக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள்: குடிநீர் எத்தனை நாளைக்கொருமுறை, சாக்கடை மூடியதா திறந்ததா, சேகோ வாடை எட்டுமா. நிரப்பும் வேலையை நகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் விடுங்கள். அவர்களுக்கு வழி தெரியவில்லை என்றால், தங்கள் தெருப் பட்டியலில் ஒரு நகல் அனுப்பி உதவுங்கள்.

இப்படிக்கு,
ஆத்தூரில் மனை வாங்கியவர்களும், வாங்கலாமா என்று யோசிப்பவர்களும்.